‘ஹாலோகிராம்’ பிரமிடில் ரெண்டு பக்கம் பளிச், ரெண்டு பக்கம் மங்கல். ஏன்?

#1 அறிவியல்_அறை

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கண்காட்சிக்கு நாலு பக்க ‘ஹாலோகிராம்’ பிரமிடு செய்திருக்கிறார்கள். ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), எல்லா வீடியோவிலும் சொல்கிற அதே அளவு: குறுகிய பக்கம் 1 செ.மீ., அகன்ற பக்கம் 6 செ.மீ., உயரம் 3.5 செ.மீ., இப்படி நாலு சரிவகம். போனைப் படுக்கவைத்து, திரை நடுவில் குறுகிய வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி, நாலு திசைக்கும் ஒவ்வொரு பட்டாம்பூச்சி வரும் வீடியோவை ஓடவிட்டோம். படம் வருகிறது. ஆனால் மூன்று சந்தேகம்.

எதிரெதிரான ரெண்டு பக்கத்தில் நன்றாகத் தெரிகிறது. மற்ற ரெண்டில் உற்றுப் பார்த்தால்தான் உண்டு. பிரமிடை மட்டும் 90 டிகிரி திருப்பினால் எந்த மாற்றமும் இல்லை. போனைத் திருப்பினால் மங்கலும் கூடவே திரும்புகிறது.

அடுத்தது, அதே வீடியோவை டேப்லெட்டில் போட்டு, டேப்லெட்டைக் கவிழ்த்து மேலே வைத்து, கீழே பிரமிடை வைத்தால் பட்டாம்பூச்சி தலைகீழாகப் பறக்கிறது.

கடைசியாக, நடுவர்கள் "இது உண்மையிலேயே ஹாலோகிராமா?" என்று கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்ல வேண்டும்?

#2 ஆணி_சுத்தி

டீச்சர், மங்கலுக்கு வேற ஆளுங்க வந்து சொல்வாங்க. அதுக்கு முன்னாடி வெட்டினது சரியான்னு பார்த்துடுங்க. அந்த 3.5 செ.மீ. சரிவகத்தோட நேர் உயரம். சாய்வா இருக்கிற விளிம்பை 3.5னு அளந்து வெட்டிடுவாங்க, நிறைய பேர் பண்ற தப்பு. சாய்வு விளிம்பு 4.3 செ.மீ. வரணும். நாலையும் சேர்த்து நிறுத்தினதும் தரையிலேருந்து உயரம் 2.4, 2.5 செ.மீ.க்குள்ள இருக்கணும். ஜியாமெட்ரி பாக்ஸ்ல ரெண்டு பக்கம் சமமா இருக்கிற மூலைமட்டம் இருக்கில்ல, அதை ஒட்டி வைங்க. பக்கம் 45 டிகிரியில சரியா உட்காரும். உட்காரலைன்னா படம் முன்னாடியோ பின்னாடியோ சாஞ்சு நிக்கும்.

பெரிய திரைக்குப் போகணும்னா கணக்கு சுலபம். அகலத்துல குறுகலைக் கழிச்சு 0.707ஆல பெருக்குங்க, அதான் உயரம். பத்து இஞ்ச் டேப்லெட்டுக்கு 2, 12, 7 செ.மீ. சரியா வரும்.

தனித்தனியா நாலு துண்டு வெட்டி ஒட்டாதீங்க. நாலு சரிவகத்தையும் விசிறி மாதிரி ஒட்டி ஒட்டி வரைஞ்சு ஒரே துண்டா வெட்டுங்க. நடுவுல வர்ற மூணு கோட்டையும் மை தீர்ந்த பேனாவால அழுத்திக் கோடு போட்டு, கோட்டுக்கு எதிர்ப் பக்கமா மடக்குங்க. ஒரே ஒரு மூலைக்குத்தான் டேப் தேவைப்படும். சி.டி. டப்பா மூடியில செய்யறவங்க இருக்காங்க, அது விறைப்பா நிக்கும். ஆனா ஃபெவிக்விக் மாதிரி பசை போட்டா அந்தப் புகை படிஞ்சு மூலையெல்லாம் வெள்ளை பூத்துடும். அப்புறம் துடைச்சாலும் போகாது.

ஷீட் வாங்கும்போது இங்க்ஜெட்டுக்குன்னு விக்கிறதை வாங்காதீங்க. அதுல ஒரு பக்கம் மை பிடிக்கிறதுக்குப் பூச்சு இருக்கும், பிம்பம் பால் கலந்த மாதிரி தெரியும். கடையிலயே ஷீட்டைத் தூக்கி டியூப்லைட் அதுல எப்படித் தெரியுதுன்னு பாருங்க. கோடு கூர்மையா இருந்தா எடுத்துக்கலாம்.

#3 மேசை_விளக்கு

முதல் கேள்விக்கு வருகிறேன். போனைத் திருப்பினால் மங்கலும் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது: கோளாறு பிரமிடில் இல்லை, திரையிலிருந்து வரும் ஒளியில் இருக்கிறது.

எல்.சி.டி. திரை எதுவானாலும் அதிலிருந்து வெளியே வருவது தளவிளைவுற்ற ஒளி. அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி. பல ஓ.எல்.இ.டி. போன்களிலும் இதே கதைதான், மேலே ஒட்டியிருக்கும் படலத்தால். பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ, ஒளி 45 டிகிரியில் விழும்போது எவ்வளவு திரும்பி வரும் என்பது அந்த அதிர்வு எந்தப் பக்கமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிரமிடுப் பக்கத்தின் கிடைமட்ட விளிம்புக்கு இணையாக அதிர்ந்தால் ஒரு பரப்பிலிருந்து சுமார் 9 சதவீதம் திரும்பும். அதற்குச் செங்குத்தாக அதிர்ந்தால் 1 சதவீதம்கூட வராது. ஒளிவிலகல் எண் 1.5 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 9.2, 0.85. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

உங்கள் பிரமிடின் எதிரெதிர் பக்கங்கள் ரெண்டும் ஒரு ஜோடி. ஒரு ஜோடிக்கு 9, மற்ற ஜோடிக்கு 1. அவ்வளவுதான் விஷயம். 56 டிகிரியில் ஒளி விழுந்தால் அந்த 1 சதவீதமும் போய் பூஜ்ஜியமாகும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் புரூஸ்டர் கோணம் என்று வருவது இதுதான். 45 டிகிரி அதற்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு அடி.

சோதித்துப் பார்க்க போலராய்டு கூலிங் கிளாஸ் போதும்; ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே அது உள்ளே விடும். கண்ணாடியைத் திரைமுன் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். திரை கறுத்துப்போகிற கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி நேராக இருக்கும்போதோ 90 டிகிரியிலோ கறுத்தால் உங்கள் போனுக்கு இந்த நோய் உண்டு. 45 டிகிரியில் கறுத்தால் நாலு பக்கமும் ஆளுக்கு 5 சதவீதம் என்று சமமாகப் பங்கு கிடைக்கும்; அந்தப் போனை எடுத்துக்கொள்வது நல்லது. பழைய லேப்டாப் திரைகள் பல இப்படித்தான் 45 டிகிரியில் இருக்கும்.

வேறு போன் இல்லையென்றால், ஒட்டாத ஒரு ஓ.எச்.பி. ஷீட்டைத் திரைமேல் படுக்கையாக, 45 டிகிரி திருப்பிப் போட்டு, அதன்மேல் பிரமிடை நிறுத்துங்கள். அந்தப் பாலியெஸ்டர் படலத்தை இழுத்துத் தயாரிப்பதால் அதற்கு இரட்டை ஒளிவிலகல் உண்டு. ஒரே தளத்து அதிர்வைக் கலைத்துவிடும். பளிச்சென்ற பக்கம் கொஞ்சம் இறங்கும், மங்கல் பக்கம் ஏறும்.

#4 ஆணி_சுத்தி

தலைகீழ்ப் பட்டாம்பூச்சிக்கு நான் சொல்றேன். போன் கீழே இருந்தா உருவத்தோட கால் திரை நடுவைப் பார்த்து, தலை வெளியே பார்த்து இருக்கணும். திரை மேலே இருந்தா அப்படியே மாத்தி, தலை நடுவுல, கால் வெளியில. ஒரு வீடியோ ரெண்டுக்கும் ஆகாது. எடிட்டிங் ஆப்புல நாலு படத்தையும் தனித்தனியா 180 டிகிரி சுத்தி வைங்க. எழுத்து ஏதாவது வருதுன்னா அதை இடவலமா மாத்திப் போடணும், இல்லேன்னா ஆம்புலன்ஸ் முன்னாடி எழுதியிருக்கிற மாதிரி வரும்.

பின்னணி கறுப்பா இருக்கணும். கறுப்புன்னா வீடியோவில கறுப்பு மட்டும் இல்ல, பிரமிடுக்குப் பின்னாடி சுவரும் கறுப்பு. மூணு பக்கம் அடைச்ச அட்டைப் பெட்டிக்குள்ள கறுப்பு வெல்வெட் துணி. சார்ட் பேப்பர் கறுப்பு போதாது, லைட் பட்டா சாம்பலாத்தான் தெரியும்.

#5 பழைய_தாள்

நடுவர் கேள்விக்கு: இல்லை, இது ஹாலோகிராம் இல்லை. இதன் பெயர் பெப்பரின் பேய். வயது 160க்கு மேல்.

லண்டனில் ராயல் பாலிடெக்னிக் நிறுவனம் என்று ஓர் இடம் இருந்தது. காசு கொடுத்து அறிவியல் பார்க்க மக்கள் வருவார்கள். நீருக்குள் ஆளை இறக்கும் மணி வடிவக் கூண்டு, மின்பொறி, மந்திர விளக்குப் படம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அங்கே வேதியியல் விரிவுரையாளராக இருந்தவர் ஜான் ஹென்றி பெப்பர். லிவர்பூல் பொறியாளர் ஹென்றி டிர்க்ஸ் 1858-இல் ஒரு யோசனையை வெளியிட்டார்: பெரிய கண்ணாடித் தகட்டில் மறைவான நடிகரின் பிம்பத்தை விழவைத்து மேடையில் ஆவியாகக் காட்டலாம். ஆனால் அவர் திட்டப்படி செய்ய அரங்கத்தையே இடித்துக் கட்ட வேண்டும், யாரும் சீந்தவில்லை. பெப்பர் கண்ணாடியைப் பார்வையாளர் பக்கம் சாய்த்து, மேடைக்கு முன்னால் பள்ளம் எடுத்து நடிகரை அதற்குள் இறக்கினார். இருக்கிற அரங்கத்திலேயே வேலை முடிந்தது. 1862 டிசம்பர் 24 அன்று சார்ல்ஸ் டிக்கன்ஸின் பேய்க்கதை ஒன்றை வைத்து முதல் காட்சி. காப்புரிமை ரெண்டு பேர் பெயரிலும் இருந்தது. வருமானத்தை டிர்க்ஸ் விட்டுக்கொடுத்துவிட்டார், பெயரும் பெப்பருக்கே போய்விட்டது. அந்த மனத்தாங்கலில் டிர்க்ஸ் தனிப் புத்தகமே எழுதினார்.

யோசனை இருவருக்கும் முந்தியது. 16-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் ஜாம்பத்திஸ்தா டெல்லா போர்த்தா, ஓர் அறையில் இல்லாத பொருள்களை இருப்பதுபோல் கண்ணாடியால் காட்டுவதை எழுதிவைத்திருக்கிறார். 1862 வரை காத்திருந்ததற்கு வெளிச்சமும் ஒரு காரணம். 5 சதவீதம், 10 சதவீதம் திரும்பி வருவதை அரங்கம் முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் நடிகர்மேல் அடிக்கும் விளக்கு மிக உக்கிரமாக இருக்க வேண்டும். ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடரில் சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கவைக்கும் லைம்லைட் வந்த பிறகே அது முடிந்தது. அந்தச் சூட்டில் பள்ளத்துக்குள் கிடந்த நடிகர்தான் பாவம்.

மைக்கேல் பாரடேயே மேடைக்குப் பின்னால் வந்து பார்த்துவிட்டு விளங்கவில்லை என்றதாகவும், கையைப் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்த பிறகே பிடிபட்டதாகவும் பெப்பர் பிறகு எழுதினார். சொன்னது பெப்பர் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும். இதே மனிதர் 1882-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மழை வரவழைக்கிறேன் என்று கூட்டம் கூட்டித் தோற்றவர்.

#6 தூண்_ஓரம்

நூற்றாண்டுக் கதை நல்லா இருக்கு சார். ஆனா பார்க்கிறவனுக்கு என்ன வித்தியாசம்? காத்துல உருவம் தெரியுது, ஹாலோகிராம்னு ஊரே சொல்லுது. 2014 தேர்தல் பிரசாரத்துல மோடி ஒரே நேரத்துல பல ஊர் மேடையில ‘ஹாலோகிராம்’ல பேசினார்னு எல்லாப் பேப்பரும் எழுதுச்சு. ஏழாவது படிக்கிற புள்ளைங்ககிட்ட பேரை மாத்தச் சொல்லி என்ன ஆகப்போகுது?

#7 மேசை_விளக்கு

வித்தியாசம் பெயரில் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். பார்வையிலேயே இருக்கிறது.

ஹாலோகிராம் என்பது பொருளிலிருந்து வரும் ஒளியலையையே, அதன் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) உட்பட, குறுக்கீட்டு விளைவாக, அதாவது இன்னொரு ஒளியலையோடு கலந்து உண்டாகும் கோலமாக, படலத்தில் பதிவது. இயற்பியலாளர் டென்னிஸ் கபோர் 1947-இல் கண்டது, 1971-இல் நோபல். லேசர் 1960-இல் வந்த பிறகுதான் உருப்படியான ஹாலோகிராம் எடுக்க முடிந்தது. அதைப் பார்த்துத் தலையை நகர்த்தினால், முன்னால் இருக்கும் பொருளுக்குப் பின்னால் மறைந்திருப்பது எட்டிப் பார்க்கும். ஏ.டி.எம். கார்டில் இருக்கும் வெள்ளிச் சில்லில்கூட இடவலமாக இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

போன் பிரமிடில் தலையை நகர்த்திப் பாருங்கள். பட்டாம்பூச்சி நகராது. அது தட்டையான படம். நடு அச்சுக்கு அரை செ.மீ. முன்னால் செங்குத்தாக நிற்கும் ஒரு சினிமாத் திரை என்று வைத்துக்கொள்ளலாம். குறுகிய வாய் 1 செ.மீ. என்பதில் பாதிதான் அந்த அரை. நாலு பக்கத்துக்கும் நாலு தட்டைப் படம். அந்த வாயைச் சிறியதாக்கினால் நாலு படமும் நடுவில் நெருங்கும். மூலையில் நின்று பார்க்கிறவருக்கு ரெண்டு பட்டாம்பூச்சி தெரிவது குறையும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1862-இன் பேய் முழு முப்பரிமாணம். அங்கே கண்ணாடியில் தெரிந்தது உயிருள்ள நடிகரின் மாயபிம்பம்; முகக்கண்ணாடியில் நம் முகம் எவ்வளவு ஆழத்தோடு தெரிகிறதோ அவ்வளவு ஆழம் அதற்கும் உண்டு. 2012 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கோச்செல்லா இசை விழாவில், 1996-இல் இறந்துபோன ராப் பாடகர் டூபாக் மேடையில் தோன்றினாரே, உலகமே ‘ஹாலோகிராம்’ என்றதே, அது சாய்த்துக் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் விழுந்த தட்டை வீடியோ. தேர்தல் மேடையும் அதே வகை. 150 வருடத்தில் உருவம் தட்டையாகிவிட்டது, பெயர் மட்டும் பெருத்துவிட்டது.

#8 பழைய_தாள்

லண்டனில் 2022 முதல் நடக்கும் ‘அபா’ (ABBA) என்ற ஸ்வீடன் பாப் இசைக் குழுவின் நிகழ்ச்சியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் சாய்ந்த கண்ணாடியே இல்லை, பிரம்மாண்டமான எல்.இ.டி. சுவர். ஜவுளிக்கடை வாசலில் சுழலும் ‘ஹாலோகிராம் ஃபேன்’ இன்னொரு ஜாதி: இறக்கையில் எல்.இ.டி. வரிசை, பார்வை நீடிப்பு (கண்ட பிம்பம் ஒரு கணம் கண்ணில் தங்குவது). இருட்டில் விரலை விட்டால் பிம்பம் அல்ல, விரல் போய்விடும்.

பழைய முறை அப்படியே உயிரோடு இருப்பது டிஸ்னிலேண்டின் பேய் மாளிகையில், 1969 முதல். நடன அறையில் ஜோடி ஜோடியாகச் சுழலும் ஆவிகள் எல்லாம் மறைவில் நிஜமாகவே சுழலும் பொம்மைகளின் பிம்பம். பிம்பத்தில் இடவலம் மாறும் என்பதை வடிவமைக்கும்போது விட்டுவிட்டார்கள் போல. அங்கே பெண் ஆவிகள்தான் ஆண்களை நடத்திக்கொண்டு ஆடுகின்றன.

#9 அறிவியல்_அறை

எல்லோருக்கும் நன்றி. மேசை_விளக்கு சார், அப்படியானால் போனை விட்டுவிட்டு நிஜப் பொருளை வைத்தே செய்துகாட்டலாமா? பக்கத்து மேசை முழுதும் காலியாக இருக்கிறது. ஒரு பிள்ளை தனியாக நின்று விளக்கும் அளவுக்கு எளிதாக வேண்டும்.

#10 மேசை_விளக்கு

தாராளமாக. தண்ணீருக்குள் எரியும் மெழுகுவர்த்தி செய்யுங்கள். பழசு, ஆனால் இதற்கு இணை இல்லை.

படச்சட்டத்துக்குப் போடும் கண்ணாடி ஒன்று, சுமார் 30 க்கு 40 செ.மீ. 2 மி.மீ. தடிமன் போதும். விளிம்பு நாலையும் இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள், கையும் வெட்டாது, விளிம்பு பளபளத்துக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. ரெண்டு மரக்கட்டையில் பள்ளம் வெட்டி மேசை நடுவில் செங்குத்தாக நிறுத்துங்கள். மூலைமட்டத்தால் 90 டிகிரி சரிபாருங்கள். ரெண்டு டிகிரி சாய்ந்தாலும் சுடர் தண்ணீருக்கு மேலே ஏறிவிடும்.

கண்ணாடிக்கு முன்னால் சரியாக 20 செ.மீ.யில் மெழுகுவர்த்தி. பார்ப்பவர் கண்ணிலிருந்து அதை மறைக்க அதன் முன்னால் கறுப்பு அட்டை. கண்ணாடிக்குப் பின்னால் அதே நேர்கோட்டில் 20 செ.மீ.யில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். மேசையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ரெண்டையும் அளந்து வையுங்கள். அதற்கும் பின்னால் கறுப்புத் துணி. அறை விளக்கை அணைத்து, தம்ளர்மேல் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விழட்டும்.

மாயபிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரத்தில் விழும் என்பதைப் பிள்ளை வாயால் சொல்ல வேண்டியதில்லை. தம்ளரை 20-லிருந்து 25 செ.மீ.க்குத் தள்ளச் சொல்லுங்கள், பார்ப்பவரைத் தலையை இடவலமாக அசைக்கச் சொல்லுங்கள். சுடர் தம்ளரை விட்டு நழுவி வெளியே வரும். திரும்ப 20-இல் வைத்தால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தம்ளருக்குள்ளேயே எரியும். இந்த அசைவுதான் போன் பிரமிடில் கிடைக்காதது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவர் கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்துவிடும்.

தீ வேண்டாம் என்று பள்ளியில் சொன்னால் பேட்டரி மெழுகுவர்த்தி. அதன் சுடர் மங்கல், அறை இன்னும் இருட்டாக வேண்டும்.

#11 வரி_மாறி

செய்தி ஸ்டூடியோ ஆட்கள் தினமும் பார்ப்பதும் இதே 45 டிகிரிக் கண்ணாடிதான். டெலிப்ராம்ப்டர், கேமராவைப் பார்த்தபடியே செய்தியைப் படிக்க உதவும் கருவி. கீழே மானிட்டரில் இடவலம் மாற்றிய எழுத்து, மேலே சாய்ந்த கண்ணாடி, பின்னால் கறுப்புத் துணிக் கூண்டுக்குள் கேமரா. வீட்டில் யூடியூப்புக்காகச் செய்கிறவர்கள் அந்தத் துணிக் கூண்டைத்தான் விட்டுவிடுகிறார்கள். பின்பக்க வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, கேமராவில் வெள்ளைத் திரை விழுந்த மாதிரி இருக்கும்.

சாதாரணக் கண்ணாடி போட்டால் எழுத்து ரெட்டையாகத் தெரியும். முன்பரப்பில் ஒன்று, பின்பரப்பில் ஒன்று. 45 டிகிரியில் அந்த ரெண்டுக்கும் இடைவெளி தடிமனில் முக்கால் பங்கு. 4 மி.மீ. கண்ணாடியென்றால் 3 மி.மீ., சின்ன எழுத்தைப் படிக்கவே முடியாது. ஓ.எச்.பி. ஷீட் 0.1 மி.மீ. தடிமன் என்பதால் பிரமிடில் இந்தத் தொல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. இதற்கென்றே விற்கும் கண்ணாடியில் முன்பக்கம் 30 சதவீதம் திரும்பும்படி பூச்சு, பின்பக்கம் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு. கேமராவுக்கு 70 சதவீதம் போகும், கேமராக்காரர் கணக்கில் அரை ஸ்டாப் வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். பூச்சுள்ள பக்கம் எது என்று தெரியாவிட்டால் பேனா முனையைத் தொட்டுப் பாருங்கள்: முனையும் அதன் வலுவான பிம்பமும் ஒட்டிக்கொண்டால் அதுதான் பூச்சுப் பக்கம். அது மானிட்டரைப் பார்க்க வேண்டும்.

#12 தூண்_ஓரம்

அப்போ கார் கண்ணாடியில வேகம் காட்டுறதும் இதேதானே? ஹெட்-அப் டிஸ்ப்ளே ஆப்னு போனை டேஷ்போர்டுல கவிழ்க்கச் சொல்றாங்களே, அதுல எண் ரெண்டு ரெண்டா தெரியுறது இதனாலதானா?

#13 வரி_மாறி

அதேதான். ஒன்று திருத்தம்: போனைக் கவிழ்க்கக் கூடாது, திரை மேலே பார்க்க வேண்டும். விண்ட்ஷீல்டு ரெண்டு கண்ணாடியும் நடுவில் பிளாஸ்டிக் படலமுமாக ஒட்டியது, மொத்தத் தடிமன் அதிகம், ஆகவே இரட்டை எண். ஹெட்-அப் டிஸ்ப்ளே கம்பெனியிலேயே பொருத்தி வரும் கார்களில் அந்த நடுப் படலத்தை ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து ஆப்பு மாதிரி போடுவார்கள். ரெண்டு பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இன்னொரு வகைக் கம்பெனி வழி, டேஷ்போர்டில் தனியாக நிமிரும் சிறு பிளாஸ்டிக் பலகை. போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டால் எண் மறைந்துபோகும் என்ற புகாருக்கும் காரணம் மேசை_விளக்கு #3-இல் எழுதியதுதான்: கண்ணாடியில் திரும்பி வரும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும், அந்த அதிர்வைத் தடுக்கத்தானே கூலிங் கிளாஸ் செய்திருக்கிறார்கள். பகலில் போன் ஆப் வேலைக்கு ஆகாது. இரவில் ஆகும், ஆனால் பிரேக் போட்டால் போன் வழுக்கி வரும். அடியில் ரப்பர் பாய் இல்லாமல் வைக்காதீர்கள்.

#14 அறிவியல்_அறை

இன்னொரு ஆசை. ஆண்டு விழாவில் ஒரு பேய் நாடகம் உண்டு. ஆளுயரத்துக்கு இதைச் செய்ய முடியுமா?

#15 ஆணி_சுத்தி

முடியும், ஆனா கண்ணாடி வேண்டவே வேண்டாம். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. தடிமனுக்கு ரெண்டரை கிலோ. எட்டடிக்கு ஆறடி, 5 மி.மீ. போட்டா 55 கிலோவுக்கு மேல. புள்ளைங்க ஓடுற மேடையில அதை நிறுத்தறது பேய் வர்றதைவிட பயம். 3 மி.மீ. அக்ரிலிக் எட்டடிக்கு நாலடி பத்தரை கிலோதான். ஆனா நடுவுல தொய்யும், பேய் வளைஞ்சு நெளிஞ்சு தெரியும். சில நாடகத்துக்கு அதுவே நல்லாத்தான் இருக்கும்.

இதுக்கு மேல நல்லது தெளிவான பாலியெஸ்டர் ஃபிலிம். மரச்சட்டத்துல நாலு பக்கமும் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, முதல்ல மேல், அப்புறம் கீழ், கடைசியா ரெண்டு பக்கம்னு இழுத்து ஒட்டுங்க. நாலு பேர் வேணும். சுருக்கம் ஒண்ணு விழுந்தாலும் பேய் முகத்துல அது கோடா வரும், முழுசா பிரிச்சு மறுபடி ஒட்டறதுதான் வழி.

பெப்பர் மாதிரி பள்ளம் வெட்ட முடியாதில்ல, அதனால சட்டத்தை நேரா நிமிர்த்தி, மேலேருந்து பார்த்தா 45 டிகிரி கோணமா வைங்க. பேய் வேஷக்காரர் மேடை ஓரத்துல, பக்கத் திரைக்குப் பின்னாடி. அவரைச் சுத்தி எல்லாம் கறுப்புத் துணி, தரையிலயும். வேஷம் வெள்ளை, முகத்துலயும் வெள்ளைப் பவுடர். அவர்மேல மட்டும் எல்.இ.டி. பார் விளக்கு ரெண்டு, டிம்மரோட. பளிச்சுனு போட்டு அணைச்சா டிரிக்குனு தெரிஞ்சுடும். அஞ்சாறு செகண்டுல மெதுவா ஏத்தி மெதுவா இறக்கினா ஆள் காத்துல கரைஞ்சு வருவார். மேடை வெளிச்சம் ரொம்ப இருந்தா பேய் வெளுத்துடும், சுத்தமா அணைச்சா நடிக்கிறவங்க தெரிய மாட்டாங்க. ஒத்திகையில ஒருத்தர் பத்தாவது வரிசையில உட்கார்ந்து ரெண்டையும் மாத்தி மாத்தி அளக்கணும்.

சிக்கல் எங்க வரும்னா, மேடையில இருக்கிற பையனுக்கு பேய் தெரியாது. ஃபிலிமுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குத்தான் பிம்பம். அவன் வெறுங்காத்தைப் பார்த்து நடுங்கணும், கத்தியால குத்தணும். ரெண்டு பேருக்கும் தரையில சாக்பீஸ்ல நம்பர் போட்டு வைங்க. பேய் 3-ல நின்னா பையன் 3-ஐப் பார்க்கணும். இடவலம் மாறுங்கறதால பேய் வலது கையைத் தூக்கினா பார்க்கிறவங்களுக்கு இடது. அப்புறம் கடைசிப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து பாருங்க: வேஷக்காரர் நேரடியாத் தெரிஞ்சா அந்தப் பக்கம் ரெண்டு வரிசை நாற்காலியை எடுத்துடுங்க. ஃபிலிம்ல தூசி இருந்தா விளக்கு பட்டதும் மின்னும். நல்லா ஈரம் பிழிஞ்ச மெல்லிசு காட்டன் துணி போதும், உலர்ந்த துணியால தேய்ச்சா நிலைமின்னேறி இன்னும் தூசியை இழுக்கும்.

#16 அறிவியல்_அறை

ஃபிலிம் சட்டம் அடுத்த வாரம். மெழுகுவர்த்தி சரியாக வந்தது, 25 செ.மீ. சோதனையைப் பிள்ளைகளே பார்ப்பவர்களுக்குச் செய்துகாட்டுகிறார்கள். போனில் கூலிங் கிளாஸ் வைத்துப் பார்த்தோம், நேராக இருக்கும்போதே கறுத்தது. திரைமேல் போட ஓ.எச்.பி. ஷீட் மீதி இல்லாததால் செல்லோடேப்பை வரிசையாக ஒட்டினோம். மங்கல் பக்கம் தேறிவிட்டது, ஆனால் வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒரு பக்கத்தில் மஞ்சளாகவும் இன்னொரு பக்கத்தில் ஊதாவாகவும் தெரிகிறது.

#17 மேசை_விளக்கு

செல்லோடேப் மெல்லியது. அது ஒவ்வொரு நிறத்தின் அதிர்வையும் வெவ்வேறு அளவு திருப்புகிறது. ஒரு ஜோடிப் பக்கத்துக்கு ஒரு நிறம் அதிகம் போனால் மிச்சம் மற்ற ஜோடிக்கு. அதனால்தான் மஞ்சளும் ஊதாவும், ஒன்றுக்கொன்று நிரப்பு நிறம். தடித்த பாலியெஸ்டர் ஷீட்டில் இந்தத் திருப்பம் பல சுற்று நடப்பதால் நிறங்கள் கலந்து வெள்ளையாகிவிடும். டேப்பை உரித்துவிட்டு ஷீட் வாங்கிப் போடுங்கள். ஒரே ஷீட்டில் இன்னும் லேசாக நிறம் தெரிந்தால் 45 டிகிரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பாருங்கள், நாலு பக்கமும் சமமாகும் இடம் ஒன்று கிடைக்கும். அங்கே மூலைகளில் டேப் ஒட்டி நிறுத்திவிடலாம்.

டேப் வரிசையைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டில் ரெண்டு, மூன்று, நாலு அடுக்காக ஒட்டி, வெள்ளைத் திரையின்மேல் வைத்து கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நிறம். மூன்றாவது மேசைக்கு ஆகும்.

#18 ஆணி_சுத்தி

டீச்சர், ஷீட்டுக்கு ரெண்டு பக்கமும் கீறல் விழாம இருக்க மெல்லிசா ஒரு படலம் ஒட்டியிருந்தா அதை உரிச்சுட்டுப் போடுங்க. உரிக்காம பிரமிடு செஞ்சுட்டு ஏன் பால் மாதிரி இருக்குன்னு கேக்கறதுதான் ரொம்ப சகஜம்.